உஷார்! மாட்ட முடிந்ததெல்லாம் உங்கள் மோட்டாருக்குப் பொருந்திவிடாது

ஸ்க்ராம்ப்ளர் மோட்டார் ஓட்டுபவர்களே, பின் அப்சோர்பரை மாற்றும் எண்ணம் இருக்கிறதா? கடைக்காரரிடம் பணத்தை நீட்டுவதற்கு முன், கைப்பேசியில் "வாங்கு" பொத்தானை அழுத்துவதற்கு முன், இதை முழுதாகப் படித்துவிடுங்கள். தப்பான அப்சோர்பர் வெறும் பண நட்டத்தோடு நிற்பதில்லை. மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும்போது மோட்டாரின் பின்பக்கத்தைத் தூக்கி எறியும். வளைவில் கைப்பிடியை ஆட்டிவிடும். குழியில் இறங்கும்போது டயரை மட்கார்டில் உரசவிட்டுச் சக்கரத்தையே நிறுத்திவிடும். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். அந்தக் கணக்கில் நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் சேரக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு பதற்றத்தோடு எழுதுகிறேன்.

ஜொகூரில் இந்த ஆபத்து கூடுதல்

நம் மாநிலத்தில் ஸ்க்ராம்ப்ளர் வெறும் அழகுக்கு ஓடும் வண்டி அல்ல. குளுவாங், ரெங்கம், லாபிஸ், சிகாமட் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களின் செம்மண் பாதைகளில் தினமும் ஓடுகிறது. லாரிகள் ஓடி ஓடி அலை அலையாய்ப் படிந்த அந்த மேடு பள்ளங்களில், ஒரு நிமிடத்தில் பின் அப்சோர்பர் நூற்றுக்கணக்கான முறை அமுங்கி எழுகிறது. விடுமுறை வந்தால் பையன்கள் குளுவாங்கிலிருந்து 50-ஆம் எண் கூட்டரசுச் சாலையில் கிளம்பி, காஹாங்கில் திரும்பி, 50 கிலோமீட்டருக்கும் மேலான காட்டுப் பாதையில் எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவின் வாசலான கம்போங் பெத்தாவுக்குப் போகிறார்கள். அங்கே ஓராங் அஸ்லி மக்களின் கிராமம் உண்டு. மோட்டார் கடை தேடினால் கிடைக்காது. நடுவழியில் அப்சோர்பர் எண்ணெயைக் கக்கினால், திரும்பி வரும் ஒவ்வொரு கிலோமீட்டரும் சோதனைதான்.

இதோடு மழை. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி அடுத்தடுத்து மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2023 மார்ச்சில் சிகாமட், யோங் பெங், பத்து பகாட் வட்டாரங்கள் பட்ட பாட்டையும் பார்த்தோம். வெள்ளத் தண்ணீரில் ஒரு முறை ஓட்டினாலே போதும், அப்சோர்பருக்குக் கீழே, அதைப் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மோடு இணைக்கும் லிங்கேஜின் பேரிங்கில் சேற்றுத் தண்ணீர் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும். அதற்குப் பிறகு "பின்பக்கம் கெட்டியாக இருக்கிறது, கடகடவென்கிறது" என்று நாம் அப்சோர்பரைக் குறை சொல்லுவோம். கோளாறு இருப்பதோ பேரிங்கில். ஆகவே முதல் உஷார்: அப்சோர்பரைக் குற்றவாளி ஆக்குமுன் லிங்கேஜைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பேரிங் துருப்பிடித்திருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த அப்சோர்பர் போட்டாலும் கேடுதான்.

பொறி 1: "அளவு ஒன்றுதான், நேரா உட்காரும்"

கடையில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

"அண்ணே, என் மோட்டாருக்கு இது சரியா வருமா?"

"வரும் தம்பி. அளவு ஒன்றுதான். இதே மாதிரி எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கேன்."

இந்த "அளவு ஒன்றுதான்" என்ற பேச்சை அப்படியே நம்பிவிடாதீர்கள். எந்த அளவு என்று திருப்பிக் கேளுங்கள். அப்சோர்பரில் பார்க்க வேண்டிய அளவுகள் பல. மேல் போல்ட் துளையின் நடுவிலிருந்து கீழ் போல்ட் துளையின் நடுவரை உள்ள நீளம் ஒன்று. தண்டு உள்ளே போய் வரும் தூரம் இன்னொன்று. போல்ட் துளையின் விட்டம், புஷ்ஷின் அகலம், கீழ்முனை வட்டக் கண்ணா கவட்டை வடிவமா, தனி எண்ணெய்க் குப்பி இருந்தால் அது ஃபிரேமில் எங்கே உட்காரும் என்பதும் உண்டு. நீளம் ஒத்துப்போய் தண்டு போகும் தூரம் கூடினால், சக்கரம் மேலேறி மட்கார்டில் இடிக்கும். தூரம் ஒத்துப்போய் நீளம் கூடினால், மோட்டாரின் பின்பக்கம் உயர்ந்துவிடும்.

எவ்வளவு உயரும் தெரியுமா? லிங்கேஜ் உள்ள வண்டிகளில் அப்சோர்பரில் 1 மில்லிமீட்டர் மாறினால் சக்கரத்தில் அது 2 முதல் 3 மடங்காகும். அப்சோர்பர் வெறும் 10 மில்லிமீட்டர் நீளமாக இருந்தால் பின்பக்கம் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை எழும்பிவிடும். பின்பக்கம் 25 மில்லிமீட்டர் எழும்பினால் முன் ஃபோர்க்கின் சாய்வு ஏறத்தாழ 1 பாகை நிமிரும். அதோடு முன்சக்கரத்தை நேராக வைத்திருக்கும் இழுப்பும் குறையும். விரைவுச் சாலையில் கைப்பிடி துடிக்க ஆரம்பிக்கும். சைட் ஸ்டேண்ட் குட்டையாகி, வண்டி அளவுக்கு மீறிச் சாய்ந்து நிற்கும். செயின் ஸ்விங்ஆர்மில் உரசும். கடைக்காரருக்கு அது "கொஞ்சம் உயரம்தானே". உங்களுக்கு அது முன்சக்கரத்தின் பிடி.

வேறு மோட்டாரின் அப்சோர்பரை எடுத்துப் போடுவதில் இன்னொரு கண்ணி உண்டு. ஹோண்டாவின் ப்ரோ-லிங்க், காவாசாகியின் யூனி-ட்ராக் இரண்டும் லிங்கேஜ் உள்ள அமைப்புகள். கேடிஎம்மின் பல வண்டிகளில் லிங்கேஜே கிடையாது. அப்சோர்பர் நேராக ஸ்விங்ஆர்மில் பிடித்திருக்கும். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களிலும்கூட லிங்கேஜின் விகிதம் வேறுபடும். ஸ்பிரிங்கின் கெட்டியும் உள்ளே எண்ணெய் ஓடும் வழியும் அந்த விகிதத்துக்கென்றே அமைத்தவை. ஒரு வண்டியில் பஞ்சுபோல் வேலை செய்த அதே அப்சோர்பர், இன்னொன்றில் இரும்புக் கம்பியாய் முதுகை உடைக்கும். அல்லது ஒவ்வொரு பள்ளத்திலும் அடிவரை இறங்கி மோதும்.

போல்ட் துளை பெரிதாக இருந்தால், குளிர்பான டின்னை வெட்டிச் சுற்றி இடைவெளியை அடைக்கும் "கைவேலை"யை எவர் செய்ய வந்தாலும் உடனே தடுத்து நிறுத்துங்கள். அந்தத் தகடு சில நாளில் நசுங்கிப்போகும். பிறகு போல்ட் ஆடும், துளை நீள்வட்டமாகும், கடைசியில் போல்ட் முறியும். இது மிகையல்ல. 2023-இல் அமெரிக்காவில் ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் 65,000-க்கும் மேற்பட்ட சாஃப்டெயில் மோட்டார்களைத் திரும்ப அழைத்தது. பின் அப்சோர்பரின் அட்ஜஸ்டரைப் பிடித்திருக்கும் பாகம் முறிந்து பின் டயரில் உரசலாம், டயர் திடீரெனக் காற்றிழக்கலாம் என்பதுதான் காரணம். தொழிற்சாலையில் அளவெடுத்துப் பொருத்திய வண்டிக்கே அந்தக் கதி என்றால், டின் தகட்டை நம்பி ஓட்டும் வண்டியை என்ன சொல்ல?

பொறி 2: ஸ்பிரிங்கைக் கவனிக்காத வியாபாரம்

அப்சோர்பர் விற்கும் ஆள் உங்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "உங்க எடை எவ்வளவு?" அடுத்தது: "பின்னால் ஆள் ஏறுவாங்களா? என்ன சாமான் ஏத்துவீங்க?" இந்த இரண்டையும் கேட்காமல் மாடல் பெயரை மட்டும் கேட்டு அப்சோர்பரை எடுத்து நீட்டுகிறாரா? அங்கேயே நில்லுங்கள்.

பெரும்பாலான சிறிய ஸ்க்ராம்ப்ளர்களில் கம்பெனி போட்டுத் தரும் ஸ்பிரிங் எடை குறைந்த ஆளை மனத்தில் வைத்துப் போட்டது. ஹோண்டா சிஆர்எஃப்300எல் அதற்கு நல்ல உதாரணம். பின்சக்கரம் 260 மில்லிமீட்டர் ஏறி இறங்கும் அருமையான வண்டி. ஆனால் ஸ்பிரிங் மென்மையாக இருப்பதாக உலகம் முழுக்க ஓட்டுநர்கள் சொல்லுகிறார்கள். 90 கிலோ ஆள் ஏறி, பின்னால் மனைவியையும் ஏற்றி, இரண்டு பக்கமும் பெட்டி மாட்டினால் பாதித் தூரம் நிற்கும்போதே அமுங்கிவிடும். பள்ளத்தை வாங்க மிச்சம் எங்கே இருக்கும்?

இங்கே பலர் செய்யும் வேலை, மேலே உள்ள வளையத்தைத் திருகி ப்ரீலோடை இறுக்குவது. இறுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. வண்டி நிற்கும் உயரம்தான் மாறும்; ஸ்பிரிங்கின் பலம் அதேதான். அளவுக்கு மீறி இறுக்கினால் சிறு மேட்டில் துள்ளும், பெரிய பள்ளத்தில் அடிவரை இறங்கும்.

சரியா தப்பா என்று கண்டுபிடிக்க அளவு நாடா ஒன்றும் கூட ஒரு நண்பரும் போதும். வண்டியை ஸ்டேண்டில் தூக்கி, பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது சக்கர ஆக்சிலிலிருந்து நேர் மேலே ஃபிரேமில் ஒரு புள்ளி வரை அளவெடுங்கள். அடுத்து வண்டியைத் தரையில் நிறுத்தி, ஆள் ஏறாமல் அளவெடுங்கள். கடைசியில் ஹெல்மெட், பூட்ஸ், பை எல்லாவற்றோடும் நீங்கள் ஏறி உட்கார்ந்து, நண்பரை அளவெடுக்கச் சொல்லுங்கள். முதல் அளவுக்கும் கடைசி அளவுக்கும் உள்ள வித்தியாசம், சக்கரம் ஏறி இறங்கும் மொத்தத் தூரத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு இருக்க வேண்டும். சிஆர்எஃப்300எல்லில் அது 78 மில்லிமீட்டர் சுற்றுவட்டாரத்தில் வரும். ஆள் ஏறாத அளவில் வண்டி தன் எடைக்கு மட்டும் இறங்கும் தூரம் 10 விழுக்காடு அளவில் இருந்தால் நல்லது.

இப்போது கவனியுங்கள். ஆள் ஏறிய அளவு சரியாக வரும்வரை ப்ரீலோடை இறுக்கிவிட்டீர்கள். ஆனால் ஆள் இறங்கினால் வண்டி கொஞ்சமும் இறங்காமல் விறைத்து நிற்கிறது. அப்படியானால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மெது, கெட்டியானது வேண்டும். மாறாக, ஆள் ஏறாமலேயே வண்டி மிகவும் இறங்குகிறது, ஆள் ஏறிய அளவோ சரியாக இருக்கிறது என்றால் ஸ்பிரிங் அளவுக்கு மேல் கெட்டி. இந்த மூன்று அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். புரிந்த கடைக்காரர் அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்ப்பார். புரியாதவர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார். யாரிடம் வாங்கலாம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஸ்பிரிங்கின் எண்ணிலும் ஏமாறாதீர்கள். சிலர் மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோ என்பார்கள், சிலர் மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்பார்கள், சிலர் அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்பார்கள். மில்லிமீட்டருக்கு 1 கிலோ என்பது 9.81 நியூட்டன், அங்குலத்துக்கு 56 பவுண்டு. வெறும் எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் பலம் பத்தில் ஒன்றாகிவிடும். எண்ணோடு அலகையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

பொறி 3: மஞ்சள் ஸ்பிரிங், போலிப் பெயர்

ஸ்வீடனின் ஓலின்ஸ் நிறுவனம் 1976 முதல் அப்சோர்பர் செய்கிறது. அதன் தங்க நிறக் குழாயும் மஞ்சள் ஸ்பிரிங்கும் உலகப் புகழ். ஆகவே அதன் போலிகளும் நம் வட்டாரமெங்கும் மலிந்து கிடக்கின்றன. அசலுக்கு ஆயிரக்கணக்கான ரிங்கிட் ஆகும். அதே பெயர் ஒட்டிய சாமான் சில நூறு ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது என்றால், அது தள்ளுபடி அல்ல, ஏமாற்று.

கையில் எடுத்துப் பார்த்தால் பல விஷயம் தெரிந்துவிடும். தண்டின் முகப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அசலில் கண்ணாடிபோல் ஒரே சீராக மின்னும். போலியில் மெல்லிய கோடுகளும் மங்கலான திட்டுகளும் தெரியும். விரல் நகத்தை மேலிருந்து கீழாக ஓடவிடுங்கள். எங்காவது தட்டினால் அந்தத் தண்டு சீலைச் சீக்கிரமே கிழித்துவிடும். தண்டு போய் வரும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டேம்பிங் குமிழைத் திருகுங்கள். ஒவ்வொரு கிளிக்கும் தெளிவாக விரலுக்குத் தெரிய வேண்டும். குமிழ் வழுவழுவென்று எங்கும் நிற்காமல் சுற்றினாலோ, முழுதும் மூடியும் திறந்தும் பார்த்தபோது தண்டின் வேகத்தில் எந்த மாற்றமும் இல்லாவிட்டாலோ, அந்தக் குமிழ் வெறும் அலங்காரம். சிலவற்றில் ஒட்டிய எண்ணெய்க் குப்பிக்கும் உடலுக்கும் இடையே வழியே இருக்காது, வெறும் டப்பா. சீரியல் எண்ணை எழுதிக்கொண்டு அந்த நிறுவனத்தின் அங்கீகரித்த விற்பனையாளரிடம் கேளுங்கள்.

பெரிய பெயர் வாங்க வசதி இல்லையா? வெட்கமே வேண்டாம். தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ், நம் நாட்டு ஆர்சிபி என்று நியாய விலையில் அசல் சாமான் விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. உங்கள் மாடலுக்கென்றே அவர்கள் செய்ததா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். போலியான ஓலின்ஸைவிட அசலான நடுத்தரச் சாமான் எத்தனையோ மேல்.

பொறி 4: வெல்டிங்கும் காற்றும்

பழைய அப்சோர்பரை "நீளம் கூட்டித் தருகிறேன்", "கண்ணை மாற்றி வெல்டிங் வைத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலிருந்து விலகிவிடுங்கள். இன்றைய பெரும்பாலான ஒற்றைப் பின் அப்சோர்பர்களில் (மோனோஷாக்) எண்ணெயோடு நைட்ரஜன் வாயுவும் பலத்த அழுத்தத்தில் அடைத்திருக்கும். அதன் மேல் வெல்டிங் நெருப்புப் பட்டால் சீல் தீய்ந்து வாயு வெடித்துப் பாயலாம். வாயுவை வெளியேற்றாமல் மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் பாகம் துப்பாக்கிக் குண்டாய்ப் பறக்கும். பழைய அப்சோர்பரைத் துளையிடாதீர்கள், நெருப்பில் போடாதீர்கள், பிள்ளைகள் விளையாடக் கொடுக்காதீர்கள்.

சர்வீஸ் செய்யக் கொடுக்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: "நைட்ரஜன் இருக்கா?" சில இடங்களில் டயருக்கு அடிக்கும் சாதாரணக் காற்றையே அடைத்துவிடுகிறார்கள். அந்தக் காற்றில் ஈரம் உண்டு. சூடேறினால் அழுத்தம் தாறுமாறாக ஏறும், உட்பாகம் துருப்பிடிக்கும். நைட்ரஜன் சிலிண்டரும் அழுத்தமானியும் இல்லாத கடையில் அப்சோர்பரைத் திறக்கவே விடாதீர்கள்.

எண்ணெயும் வாயுவும் தனித்தனி அறையில் இல்லாமல் கலந்தே இருக்கும் மலிவு வகைகளும் உண்டு. நகரத்துச் சாலைக்கு அவை போதும். காஹாங் பாதைபோல நீண்ட மேடு பள்ளத்தில் எண்ணெய் சூடேறி நுரைத்துப்போகும். நுரை எதையும் தடுக்காது. பின்பக்கம் வெறும் ஸ்பிரிங்கின் மேல் துள்ளும். தோட்டப் பாதையில் தினமும் ஓட்டுபவர்கள் வாயு அறை தனியாக உள்ளதையே வாங்குங்கள்.

மாட்டிய அன்றே செய்ய வேண்டியவை

முடிந்தால் ஸ்பிரிங்கைக் கழற்றிய அப்சோர்பரை மாட்டி, பின்சக்கரத்தைக் கையால் அடிவரை தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். டயர் மட்கார்டில், நம்பர் பிளேட்டில், பிரேக் ஹோஸில், புகைக்குழாயில் எங்கும் தொடக் கூடாது. எண்ணெய்க் குப்பியின் ஹோஸ் எதிலும் உரசக் கூடாது. போல்ட்களை வண்டியின் சர்வீஸ் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். செயின் தளர்வைப் புதிதாகச் சரிசெய்யுங்கள். முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி சோதியுங்கள்.

அமுங்கிய அப்சோர்பர் திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்ட் குமிழை உற்பத்தியாளர் சொன்ன நடு நிலையில் வைத்துத் தொடங்குங்கள். மிகவும் மூடினால், அலை அலையான செம்மண் பாதையில் சக்கரம் கீழே திரும்பி வருமுன் அடுத்த மேடு வந்துவிடும். அப்சோர்பர் படிப்படியாக அமுங்கி, கடைசியில் விறைத்துப்போகும். மிகவும் திறந்தால் பின்பக்கம் உதைத்துத் தூக்கும். ஒரு நேரத்தில் இரண்டு கிளிக் மட்டும் மாற்றி, அதே பாதையில் ஓட்டிப் பாருங்கள்.

உண்மையில் புதிது வேண்டுமா?

தண்டு நேராகவும் கீறலில்லாமலும் இருந்தால், பிரித்துப் பழுது பார்க்கும் வகை அப்சோர்பருக்குச் சீலும் எண்ணெயும் மாற்றி, நைட்ரஜன் அடைத்து, உங்கள் எடைக்கேற்ற ஸ்பிரிங் ஒன்றைப் போட்டாலே பலருக்குப் போதும். புதியதைவிடச் செலவு மிகக் குறைவு. நீளமும் போல்ட்டும் மாறும் தொல்லையும் இல்லை. இதைச் சொல்லாமல் நேராகப் புதியதை எடுத்துக் காட்டும் கடை தன் வியாபாரத்தைத்தான் பார்க்கிறது.

வாங்கினால் மாடல், சாமான் எண், ஸ்பிரிங் அளவு, உத்தரவாதக் காலம் எல்லாம் எழுதிய ரசீது கட்டாயம். வண்டியின் உயரத்தையோ அமைப்பையோ மாற்றும் எண்ணம் இருந்தால், முதலில் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடமும் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் கேட்டுவிடுங்கள். போலிச் சாமானைத் தலையில் கட்டிவிட்டால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் கொடுக்கலாம். 50,000 ரிங்கிட் வரையிலான இழப்பீட்டுக்கு மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது, வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ரசீது இல்லாவிட்டால் உங்கள் கை கட்டப்பட்டதுதான்.

தோட்டத்தில் வேலை பார்க்கும் அண்ணன்மார்களுக்கும், வார இறுதியில் காட்டுக்குக் கிளம்பும் தம்பிமார்களுக்கும், மகனுக்கு ஸ்க்ராம்ப்ளர் வாங்கிக் கொடுத்த பெற்றோருக்கும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நிறத்தையும் பெயரையும் பார்த்து அப்சோர்பர் வாங்காதீர்கள். உங்கள் எடை, உங்கள் வண்டி அப்சோர்பரின் நீளம், உங்கள் பாதை ஆகிய மூன்றையும் எழுதிக்கொண்டு போய் வாங்குங்கள். இந்த வார இறுதியில் பயணம் இருந்தால், கிளம்புவதற்கு முன் பின் அப்சோர்பரின் தண்டைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் எண்ணெய் ஒட்டினால் வண்டியை எடுக்காதீர்கள்.